கல்வெட்டின் முதல் வரி யாருடையது? மெய்க்கீர்த்தி பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (திருவையாறு வாசகர்): கல்வெட்டு, மெய்க்கீர்த்தி, சாசனம் மூன்றும் ஒன்றுதானா? ‘மெய்க்கீர்த்தி’ என்றால் நேர்ப்பொருள் என்ன?

மூன்றும் வேறு. கல்லில் வெட்டிய எழுத்து எதுவானாலும் அது கல்வெட்டு. அரசனோ சபையோ கொடுத்த ஆணையும் உரிமையும் சாசனம்; அது கல்லிலும் இருக்கலாம், செப்பேட்டிலும் இருக்கலாம். மெய்க்கீர்த்தி என்பது கல்வெட்டின் ஒரு பகுதி. கொடையையோ ஆணையையோ சொல்லத் தொடங்குமுன், ஆளும் அரசனின் வெற்றிகளையும் பெருமைகளையும் செய்யுள் நடையில் வரிசைப்படுத்தும் முன்னுரை அது. மெய் என்றால் உண்மை, கீர்த்தி என்றால் புகழ். அரசனுடைய மெய்ப்புகழைச் சொல்வது, நாற்சீர் அடிகளால் வருவது, தேவியோடு வாழ்க என வாழ்த்தி அவன் பெயரைச் சொல்லி முடிவது என்று பாட்டியல் இலக்கணம் இதை ஒரு தனி வகையாகவே வைத்திருக்கிறது. க் மிகுந்து ‘மெய்க்கீர்த்தி’ என்று எழுதுவதே வழக்கு.

முதலாம் ராஜராஜனுக்கு முந்திய சோழர் கல்வெட்டுகளில் நீண்ட மெய்க்கீர்த்தி கிடையாது. சுருக்கமான அடைமொழிதான் உண்டு. ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்றால் முதலாம் பராந்தகன். ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்றால் இரண்டாம் ஆதித்தன். ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்’ என்றால் தொண்டை மண்டலத்தைப் பிடித்து ஆண்ட ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். இந்த ஓரிரு சொல் அடைமொழியை ராஜராஜனின் அரண்மனை ஒரு முழுப் பாட்டாக வளர்த்தது. பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேட்டில் அதற்கு முன்பே, 8ஆம் நூற்றாண்டிலேயே, அரச மரபைப் பாடும் தமிழ்ப் பகுதி இருக்கிறது. ஆகவே மன்னனைத் தமிழில் பாடி ஆவணத்தின் தலையில் வைப்பதை ராஜராஜன் கண்டுபிடித்தான் என்று சொல்ல முடியாது. ஒரே வாசகத்தை வகுத்து, நாடெங்கும் எந்த ஊர்ச் சபை கல்வெட்டினாலும் அதே வரிகளைத் தலைப்பில் வைக்கச் செய்தது அவன் காலத்துச் சாதனை.

கேள்வி (கும்பகோணம் வாசகி): எங்கள் ஊர்க் கோயில் சுவரில் ‘திரு’ என்று தொடங்கும் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. மெய்க்கீர்த்தியை வைத்து அரசனையும் ஆண்டையும் நாமே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. மெய்க்கீர்த்தியால் கிடைக்கும் முதல் பயனே அதுதான். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற மங்கலச் சொல்லை அடுத்து வரும் இரண்டு மூன்று சொற்களைப் பாருங்கள்.

‘திருமகள் போல’ என்றால் முதலாம் ராஜராஜன். ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் ராஜேந்திரன். ‘திங்களேர் தரு’ முதலாம் ராஜாதிராஜனுக்கு உரியது. ‘வீரமே துணையாகவும் தியாகமே அணியாகவும்’ வீரராஜேந்திரனுக்கு உரியது. முதலாம் குலோத்துங்கனுக்கு ஒன்றுக்கு மேல் உண்டு; அதிகம் வருபவை இரண்டு: ‘புகழ்மாது விளங்க’, ‘புகழ் சூழ்ந்த புணரி’. இரண்டும் வெவ்வேறு அரசர் என்று குழம்ப வேண்டாம். ‘பூமாலை மிடைந்து’ விக்கிரமசோழன். ‘புயல் வாய்த்து வளம் பெருக’ மூன்றாம் குலோத்துங்கன்.

அடிக்கடி நடக்கும் தவறு, ஒரு தொடக்கத்தை அரைகுறையாகப் படித்துவிட்டு முடிவு கட்டுவது. ‘பூமருவிய திரு’ வரை படித்தீர்கள், அதற்கு மேல் கல் உடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் ‘திருமாதும்’ என்றிருந்தால் இரண்டாம் ராஜராஜ சோழன். ‘திருமடந்தையும்’ என்றிருந்தால் 1216இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன். இருவர் ஆட்சித் தொடக்கத்துக்கும் இடையே எழுபது ஆண்டு இருக்கிறது, குலமே வேறு. அப்படிப்பட்ட இடத்தில் மெய்க்கீர்த்தியின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். அங்கே அரசன் பெயருக்கு முன்னால் பட்டம் இருக்கும். சோழர் ‘ராஜகேசரி’, ‘பரகேசரி’ என்ற இரண்டையும் மாற்றி மாற்றிச் சூடினார்கள். முதலாம் ராஜராஜன் ராஜகேசரி, மகன் ராஜேந்திரன் பரகேசரி, அவன் மகன் ராஜாதிராஜன் மறுபடி ராஜகேசரி. பாண்டியருக்கு இதே போல மாறவர்மன், சடையவர்மன். தொடக்கமும் பட்டமும் ஒத்துப்போனால்தான் அரசன் பெயரைத் துணிந்து சொல்லலாம்.

அடுத்தது ஆண்டு. அரசன் பெயருக்குப் பின் ‘க்கு யாண்டு’ என்று வரும், அதையடுத்து எண். எண் எழுத்தாலும் இருக்கலாம், தமிழ் எண் குறியாலும் இருக்கலாம். குறி என்றால் கவனம் வேண்டும். ௨௰௯ என்பது இரண்டு பத்து ஒன்பது, அதாவது 29. ௰௫ என்பது 15. நடுவில் இருக்கும் ௰ என்ற பத்துக் குறி சிதைந்திருந்தால் 29ஐ வேறு எண்ணாகப் படித்துவிடுவோம்.

எண் கிடைத்தபின் செய்யும் கணக்கில்தான் பலரும் ஓர் ஆண்டு தவறுகிறார்கள். அரசன் பதவியேற்ற நாளிலிருந்தே முதலாம் ஆண்டு ஓடத் தொடங்கிவிடும். அதனால் ஆட்சியாண்டிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். ராஜராஜன் பதவியேற்றது 985ஆம் ஆண்டின் நடுவில், ஜூன் கடைசிக்கும் ஜூலை கடைசிக்கும் இடையில். அவனுடைய 25ஆம் ஆட்சியாண்டு 985 + 24, அதாவது 1009ஆம் ஆண்டு நடுவில் தொடங்கி 1010ஆம் ஆண்டு நடுவில் முடிகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தது 25ஆம் ஆண்டின் 275ஆம் நாள் என்று கல்வெட்டு சொல்கிறது. 1009ஆம் ஆண்டு நடுவிலிருந்து 275 நாள் எண்ணினால் 1010ஆம் ஆண்டு மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் போய் நிற்கும். நாள் எண்ணும் கொடுக்கப்பட்டிருந்தால் இவ்வளவு நெருங்கலாம். ஆட்சியாண்டு மட்டும் இருந்தால் ‘1009–10’ என்று இரட்டையாகவே எழுதுங்கள்.

பாண்டியர் கல்வெட்டில் ‘இரண்டாவதின் எதிர் ஏழாவது’ என்பது போல வரும். அங்கே இரண்டையும் கூட்ட வேண்டும்: ஒன்பதாம் ஆண்டு. ‘எதிர்’ என்ற சொல்லைக் கவனிக்காமல் முதல் எண்ணை மட்டும் எடுத்தால் காலம் முழுவதும் பிசகிவிடும்.

இன்னொரு சிக்கல். எழுத்தின் வடிவம் மெய்க்கீர்த்தி சொல்லும் அரசனின் காலத்துக்குப் பிந்தியதாகத் தெரிந்தால் உடனே போலி என்று சொல்லிவிடாதீர்கள். பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் படியெடுத்து வைத்துக்கொண்டு, புதுச் சுவரில் திரும்ப வெட்டும் வழக்கம் இருந்தது. திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் ஆணையிட்டபோது பழைய கல்வெட்டுகள் இப்படிப் புத்தகத்தில் எழுதி வைக்கப்பட்டன. ராஜேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லில் ஏறின. சில இடங்களில் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். தங்கள் பிரதி பிரதிதான் என்று சொல்லிவிட்டுப் போன அந்த நேர்மையை இன்றைய திருப்பணிக் குழுக்கள் பின்பற்ற வேண்டும் என்பது நம் விருப்பம்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் ‘காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி’ என்பதற்கு ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். எது சரி?

இந்த ஒரு தொடர் நூறாண்டுக்கு மேலாகச் சர்ச்சையில் இருக்கிறது. சிக்கல் ‘கலம்’ என்ற சொல்லில். கலம் என்றால் கப்பல். ‘கலம் அறுத்து’ என்றால் துறைமுகத்தில் நின்ற சேரனின் கப்பல்களை அழித்து என்பது ஒரு பொருள். கலம் என்றால் உண்கலம்; சாலையில் நடந்த உணவளிப்பைக் குறைத்தான் அல்லது ஒழுங்குபடுத்தினான் என்பது மற்றொன்று. வில்லங்கத்தைத் தீர்த்தான் என்று சொல்வோரும் உண்டு.

‘சாலை’ என்பது வெறும் ஊர்ப்பெயர் அன்று. 866ஆம் ஆண்டைச் சேர்ந்த பார்த்திவசேகரபுரம் செப்பேட்டில், ஆய் மன்னன் கருநந்தடக்கன், காந்தளூர் முறைப்படி 95 சட்டர்களுக்கு ஒரு சாலை அமைத்ததாகச் சொல்கிறான். சட்டர் என்றால் கல்வி பயிலும் மாணவர். ஆக, காந்தளூரில் மற்றவர்கள் பார்த்து அமைக்கும் அளவுக்குப் பேர்பெற்ற ஒரு கல்விக்கூடம் ராஜராஜனுக்கு நூறாண்டு முன்பே இருந்தது. உண்கலம் என்று பொருள் கொள்வோருக்கு இது பெரிய ஆதாரம்.

கப்பல் என்போருக்கும் ஆதாரம் உண்டு. ராஜாதிராஜன் மெய்க்கீர்த்தி ‘வேலைகெழு காந்தளூர்ச்சாலை’ என்கிறது. வேலை என்றால் கடல். கலிங்கத்துப்பரணி விழிஞம் அழித்ததையும் சாலை கொண்டதையும் படையெடுப்பாகவே அடுத்தடுத்துப் பாடுகிறது. சாலையில் நடந்தது போர் என்பதில் சோழர் தரப்புக்கு ஐயமில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. எனவே படைநடவடிக்கை என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். அதில் அழிந்தது கப்பலா, நின்றது அன்னசாலையா என்பதற்கு மெய்க்கீர்த்தியின் இந்த இரண்டு சொல் போதாது. கட்டுரை எழுதுகிறவர்கள் தொடரை அப்படியே மேற்கோளில் கொடுத்துவிட்டு, தாம் ஏற்கும் பொருள் இது என்று தனியாகச் சொல்வதே முறை. பொருளையே மூலம் போல எழுதிவிட்டால் அடுத்து வருகிறவர் அதைக் கல்வெட்டுச் சான்று என்று எடுத்துக்கொள்வார்.

கேள்வி (மதுரை வாசகி): பெயரிலேயே ‘மெய்’ இருக்கிறது. அப்படியானால் மெய்க்கீர்த்தியில் சொன்னதெல்லாம் நடந்ததுதானா?

மெய்க்கீர்த்தி அரண்மனை வெளியிட்ட வாசகம். எதைச் சொல்ல வேண்டும் என்று அரசன் விரும்பினானோ அது இருக்கும், விரும்பாதது இருக்காது. ஆனால் அதனால் அதை ஒதுக்கிவிட முடியாது. சரியாகப் பயன்படுத்த மூன்று வழி உண்டு.

முதல் வழி, ஒரே அரசனின் மெய்க்கீர்த்தியை ஆண்டு வரிசையில் அடுக்குவது. ராஜேந்திரனின் ‘திருமன்னி வளர’ ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. மூன்றாம் ஆட்சியாண்டு வாக்கில் இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக் கடக்கம் வரை இருக்கும். பிறகு ஈழம் சேர்கிறது, பிறகு கேரளம், பிறகு கங்கை. 14ஆம் ஆண்டு வாக்கில்தான் ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) வருகிறது. கடாரப் படையெடுப்பு 1025ஐ ஒட்டி நடந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதற்கு அடிப்படை இந்த வளர்ச்சிதான். மெய்க்கீர்த்தி எங்கும் ‘இந்த ஆண்டில் கடாரம் வென்றேன்’ என்று சொல்லவில்லை. முந்திய ஆண்டுக் கல்வெட்டில் இல்லாத வரி அடுத்த ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. அந்த இடைவெளியே தேதி. இதனால்தான் பின்னாளைய நீண்ட வாசகம் ஒன்றை மட்டும் படிப்பது போதாது என்கிறோம். குறைந்த வரிகள் கொண்ட, கவர்ச்சியில்லாத தொடக்க ஆண்டுக் கல்வெட்டுக்கு இருக்கும் மதிப்பு பெரியது.

இரண்டாவது, எதிர்த்தரப்பின் பதிவோடு ஒப்பிடுவது. ஈழத்தரசரின் முடியையும், அவர்தம் தேவியர் முடியையும், முன்பு பாண்டியன் அவரிடம் வைத்துவிட்டுப் போன முடியையும், இந்திரன் ஆரத்தையும் கைப்பற்றியதாக ராஜேந்திரன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. வெற்றிக் களிப்பில் பாடிய அலங்காரம் என்று தோன்றலாம். ஆனால் தோற்ற தரப்பான இலங்கையின் பாலி மொழி வரலாற்று நூல் சூளவம்சமும் இதையே சொல்கிறது: பாண்டியன் அடைக்கலமாக வந்து முடியை விட்டுச் சென்றது, பின்னர் சோழர் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்து முடிகளையும் அணிகளையும் கொண்டுபோனது, மகிந்தன் சோழநாட்டிலேயே சிறையில் இறந்தது. வென்றவர், தோற்றவர் இருவர் பதிவும் ஒரே பொருளைச் சொன்னால் அது நடந்தது என்று நம்பலாம்.

மூன்றாவது, மௌனத்தைப் படிப்பது. மூன்றாம் ராஜராஜனை 1231 வாக்கில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். ஓர் அரசனின் மெய்க்கீர்த்தியில் இப்படிப்பட்ட செய்திக்கு இடம் கிடைக்காது. நமக்கு அது தெரிவது, கடலூருக்கு அருகே திருவயிந்திரபுரத்தில் உள்ள ஒரு கல்வெட்டால். சோழனை மீட்க ஹொய்சள மன்னன் நரசிம்மன் அனுப்பிய தளபதிகள் எந்தெந்த ஊரை அழித்தார்கள், எப்படி மீட்டார்கள் என்று உரைநடையில் சொல்கிறது அது. ஆண்டு மட்டும் மூன்றாம் ராஜராஜனின் 16ஆம் ஆட்சியாண்டு. சோழர் வரலாற்றில் இதைவிட வெளிப்படையான கல்வெட்டு குறைவு. வந்து உதவியவன் வெட்டியதால் அது வெளிப்படையாக இருக்கிறது.

சோழரும் சாளுக்கியரும் மோதிய கொப்பத்துப் போரும் இப்படித்தான். 1054இல் ராஜாதிராஜன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போரைத் தொடர்ந்து வென்று களத்திலேயே முடிசூடினான். சாளுக்கியர் பகுதிக் கல்வெட்டு சோழன் மாண்டதை வலியுறுத்துகிறது, சோழர் மெய்க்கீர்த்தி சாளுக்கியன் ஓடியதை வலியுறுத்துகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் போர் முழுமையாகத் தெரிகிறது. ராஜாதிராஜனுக்குப் பின்னர் வழங்கிய ‘ஆனைமேற்றுஞ்சின தேவர்’ என்ற பெயரிலும் அச்செய்தி தங்கியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெய்க்கீர்த்தி முடிந்தபின் வரும் கொடைப் பகுதியைப் பலர் படிப்பதே இல்லை. அணையாமல் எரியும் ஒரு நொந்தா விளக்குக்கு ‘சாவா மூவாப் பேராடு’ (எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடு) 96, அதற்கு நாள்தோறும் உழக்கு நெய், நெய் அளக்க வேண்டியவர் யார், நில எல்லை எது என்று துல்லியமாக இருக்கும் பகுதி அது. பெரிய கோயில் செப்புக்குடத்தின் எடை 3083 பலம், அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு (பலமும் கழஞ்சும் பழைய எடை அளவுகள்) என்று அரைக் கழஞ்சு வரை எழுதிவைத்தவர்கள் அவர்கள். புகழில் மிகை இருக்கலாம். கணக்கில் இருக்காது, ஏனென்றால் அந்தக் கணக்கைப் பார்க்க ஊரில் ஆள் இருந்தார்கள்.

கேள்வி (திண்டிவனம் வாசகர்): எங்கள் ஊரில் படிக்கப்படாத கல்வெட்டு இருப்பதாக நினைக்கிறோம். எப்படிப் படியெடுப்பது?

முதலில், அது உண்மையிலேயே படிக்கப்படாததா என்று பாருங்கள். 1886 முதல் தமிழ்நாட்டுக் கோயில்களில் முறையாகப் படியெடுத்து வருகிறார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890 முதல் வெளிவருகின்றன. பெரிய கோயில் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் உள்ளன. தொகுதியில் இல்லாவிட்டாலும் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கையில் ஊர்ப்பெயரோடு, வரிசை எண்ணோடு சுருக்கம் இருக்கக்கூடும்.

படிக்க மட்டும் வேண்டுமென்றால் நல்ல புகைப்படமே போதும். நடுப்பகல் நேர் வெயிலில் எழுத்து மறைந்துவிடும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், அல்லது இருட்டியபின் ஒரு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். வெளிச்சத்தை இடம், வலம், மேல் என மாற்றி மூன்று படம் எடுங்கள். ஒரு பக்கத்து ஒளியில் மறையும் கோடு மறுபக்கத்து ஒளியில் தெரியும். பழங்கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு காட்டமாட்டார்கள், காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ஆகவே தெரிகிற ஒவ்வொரு கோடும் முக்கியம்.

மைப்படி எடுப்பது, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பது, பயிற்சி வேண்டிய வேலை. கோயிலானால் அறநிலையத்துறை, பாதுகாக்கப்பட்ட சின்னமானால் தொல்லியல் துறை அனுமதியும் வேண்டும். முறை இது: கல்லை நீரும் நார்த் தூரிகையும் கொண்டு கழுவி, வெட்டின் பள்ளத்தில் உள்ள மண்ணை எடுக்க வேண்டும். நனைத்த தாளைக் கல்மேல் பரப்பி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தூரிகையால் தட்டினால் இடையில் உள்ள காற்று வெளியேறி, தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். ஈரம் பாதி வற்றியதும், துணி சுற்றிய பஞ்சுப் பொதியில் மையைத் தொட்டு மெல்ல ஒற்ற வேண்டும். மேட்டில் மை ஏறும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். நன்றாகக் காய்ந்தபின் உரிக்க வேண்டும். ஈரம் மிகுந்திருக்கும்போது ஒற்றினால் மை கசிந்து எழுத்துக்குள் புகும். முழுதும் காய்ந்துவிட்டால் தாள் கல்லைவிட்டு எழும்பி, ஒற்றும்போது நகர்ந்து எழுத்து இரட்டையாக விழும். காற்றடிக்கும் நேரமும் உச்சி வெயிலும் இதற்கு ஆகா.

செய்யக்கூடாதவை: சுண்ணாம்பைச் சுரண்ட உளியோ இரும்புத் தூரிகையோ வேண்டாம், அது எழுத்தின் விளிம்பையும் சேர்த்துத் தின்னும். எழுத்தின்மேல் சாக்பீஸால் கோடிடுவதும் வண்ணம் பூசுவதும் வேண்டாம். நீங்கள் ஊகித்த எழுத்து அங்கே நின்றுவிடும். பின்னால் வருகிறவர் கல்லைப் படிக்கமாட்டார், உங்கள் கோட்டைத்தான் படிப்பார். திருப்பணியின்போது மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்வது இவை எல்லாவற்றிலும் கொடியது. ஆயிரம் ஆண்டு மழை தேய்க்காததை ஒரே நாளில் தேய்த்துவிடும். உங்கள் ஊரில் அப்படித் தொடங்கினால் உடனே தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகி): எங்கள் பக்கம் ஒருவர் இறந்து 31ஆம் நாள் வெளியிடும் நினைவு மலரையும் ‘கல்வெட்டு’ என்கிறோம். அந்தப் பெயர் சரியா?

சரியான பெயர்தான், ஈழத்தில் நிலைபெற்ற வழக்கு. இறந்தவரின் ஊர், பெற்றோர், குலவழி, கல்வி, தொழில், மணம், மக்கள் என எல்லாம் செய்யுளில் பாடி, அந்தியேட்டி என்ற 31ஆம் நாள் சடங்கில் படிப்பது பழைய முறை. திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் வந்துவிடும். அச்சில் வந்தபின் அது மலராக விரிந்தது. மெய்க்கீர்த்தி அரசனுக்குச் செய்ததை இது குடும்பத்துக்குச் செய்கிறது. இடம்பெயர்ந்து பதிவுகளை இழந்த குடும்பங்களுக்கு உறவுமுறையைத் திரும்ப அறிய இதுவே சில வேளைகளில் மிஞ்சிய ஆவணம்.

அதனால் மலர் தயாரிக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். திதியோடு ஆங்கிலத் தேதியையும் முழுமையாக, ஆண்டோடு போடுங்கள். பெண்களின் பிறந்தகத்தையும் தாய் வழிப் பெயர்களையும் விடாதீர்கள். பழைய கல்வெட்டுகளில் அதிகம் விடுபட்டது அதுதான். படத்தின் கீழ் இடமிருந்து வலம் யார் யார், எந்த ஆண்டு எடுத்தது என்று குறிப்பிடுங்கள். ‘அன்னாரின் மூத்த மகன்’ என்று நிறுத்தாமல் பெயரையும் எழுதுங்கள். அச்சிட்டபின் ஒரு பிரதியை நூலகம் இணைய எண்ணிம நூலகத்துக்கு அனுப்பலாம். அங்கே நினைவு மலர்களையும் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள்.